இடப்பக்கத்துப் பெட்டி

மகனே,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அந்தச் சொல் ஒட்டாமல் நின்றது, அடித்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை நீ திண்டிவனத்திலிருந்து போன் செய்தாய். எட்டு மாதம் கழித்து உன் குரலைக் கேட்டேன். "கல்யாணத்துல பாத பூஜை இருக்குது. ரெண்டு பேரும் சேந்து உக்காரணும்னு அம்மா சொல்லுது. வந்து உக்காருங்க. கால கழுவி, பூவு போட்டுட்டு நான் எழுந்துடறேன். அதோட முடிஞ்சிது. மத்தபடி நாம ஒண்ணும் பேசிக்க வேணாம்" என்றாய். நான் "சரி" என்றேன். சின்ன வயதில் 'வாப்பா, போப்பா' என்று என்னை இழுத்துக்கொண்டு திரிந்தவன் நீ. இப்போது 'வாங்க' என்கிறாய். கேட்கிறவர்கள் பையன் மரியாதை தெரிந்தவன் என்பார்கள். எனக்கு என்னவோ வாசலோடு நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

சரி என்று வாய் சொல்லிவிட்டதே தவிர, வருவதா, வந்தால் அந்தப் பூஜை நாற்காலியில் உட்காருவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் நீ பாதியில் எழுந்து போவாய், இல்லாவிட்டால் நான் பாதியில் கத்த ஆரம்பித்துவிடுவேன். நம் இரண்டு பேரைப் பற்றியும் எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். இதை உனக்குத் தபாலில் போட்டுவிட்டு, பாட்டு செட்டுப் பைத்தியங்களான எங்கள் ஆடியோ குழுவிலும் போடப்போகிறேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன்னை நான் அடித்தது தெருவுக்கே தெரிந்துதான் நடந்தது. தப்பு யாருடையது என்பதும் நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

உனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் இருந்து தொடங்குகிறேன். உன் அம்மா கல்யாணமாகி இந்த விழுப்புரம் வீட்டுக்குள் வந்தபோது இங்கே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தன. மூன்றில் எது எனக்கு முக்கியம் என்பது அவளுக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. அப்போது எனக்குப் பாட்டு என்றால் பேஸ்தான். பாடுகிறவர் யார், என்ன பாடுகிறார் என்பதெல்லாம் பிறகு. தபேலாவில் விழும் அடி என் நெஞ்சில் விழ வேண்டும். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டைப் பழசாக வாங்கிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கோலியனூர் தச்சர் ஒருவரிடம் உட்கார்ந்து, அளவு சொல்லிச் சொல்லி, இடுப்பு உயரத்துக்கு இரண்டு பிளைவுட் பெட்டிகள் செய்து வாங்கினேன். செட்டைப் போட்டால் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் தாமாக நகர்ந்து விளிம்புக்கு வரும். உன் அம்மா வந்து உள்ளே தள்ளி வைப்பாள். "குடும்பம் நடத்தற வூடா இது, சினிமா கொட்டாயா?" என்பாள். அந்த நாட்களில் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீ உட்காரப் பழகிய வயதில் இடப்பக்கத்துப் பெட்டியில் உன் முதுகைச் சாய்த்து உட்கார வைப்பேன். சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் பேஸ் உன் முதுகில் குறுகுறுக்கும். நீ கெக்கெக்கே என்று சிரிப்பாய்.

ஊரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவன் நான். சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தாலே எந்த ஒயர்மேன் கை வைத்தது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவது எவ்வளவு கேவலம் என்று உனக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன்.

நீ ஏழாவது படித்த வருடம். உனக்குப் பன்னிரண்டு வயது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமல் ஊரே பேஜாராகிக் கிடந்த காலம். பெட்டிக்குள்ளே இருக்கும் ஒயர் மெல்லிசாக இருக்கிறது, கனமான செம்பு ஒயர் போட்டால் பேஸ் இன்னும் இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். இந்தப் பைத்தியத்தில் 'யாரோ' சொல்வதுதான் வேதம். வலப்பக்கத்துப் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினேன். அடுத்த வாரம் இடப்பக்கத்துப் பெட்டி. எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி, ஸ்பீக்கரை வெளியே எடுத்து, உள்ளே கையை விட்டு, பின்பக்கத் தகட்டில் பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு என்று இருக்கும் இரண்டு கால்களில் புது ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு ஒயரும் ஒரே நிறம். எது பிளஸ் என்று தெரிவதற்காக உன் அம்மாவின் நெயில் பாலிஷால் ஒரு ஒயரில் சிவப்புப் புள்ளி வைப்பது என் வழக்கம். வைத்தேன். கடைசி ஸ்க்ரூவை இறுக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாட்டுப் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் விடியும்போதே மரக்காணத்தில் ஒரு புது வீட்டு வேலைக்குக் கிளம்பிப் போனவன், இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டேன்.

திரும்பி வந்து, கை கால்கூடக் கழுவாமல் செட்டைப் போட்டேன். பேஸ் இல்லை. கொஞ்சம் குறைந்திருந்தது என்று இல்லை, சுத்தமாக இல்லை. தபேலா தகர டப்பாவாகி இருந்தது. பாட்டுக்கு உடம்பே போய், வெறும் சட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தேன். எதிர் வீட்டு அண்ணி, "நேத்து ஒன் புள்ள பசங்கள கூட்டிக்கினு வந்து செட்டு போட்டுக்கினு ஒரே ஆட்டம்யா, ஏதோ இஸ்கூல் பங்சன் டான்சாம்" என்று சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒயரெல்லாம் தொடலப்பா, பாட்டு மட்டுந்தாம்பா போட்டேன்" என்றாய். அடித்தேன். மறுபடி கேட்டேன், அதையே சொன்னாய். அடித்தேன். மூன்றாவது முறையும் அடித்தேன். அப்போதுதான், "நான்தாம்பா, நான்தான் ஒயர புடுங்கி மாத்தி வச்சிட்டேம்பா" என்றாய். அதோடு நிறுத்தினேன். வாயிலிருந்து உண்மையை வரவழைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட. உன் அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, "அவன் செய்லய்யா. அடி தாங்காம புள்ள பொய் சொல்லுது" என்றாள். "நீ குடுக்கற செல்லத்துலதான் இவன் இப்டி கெட்டுப்போனான்" என்று சொல்லிவிட்டுச் செட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். செட்டிலிருந்து பெட்டிக்குப் போகும் வெளி ஒயரில் சிவப்பு சிவப்பில் இருந்தது, கறுப்பு கறுப்பில் இருந்தது. எல்லாம் சரி. அந்த இடத்திலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பையன் மாற்றி வைத்துவிட்டு, பயந்துபோய்த் திரும்பவும் சரியாக மாட்டியிருக்கிறான், அதற்குள் ஆம்ப்ளிபயர் அடிபட்டுவிட்டது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். நீ சொல்லாததையும் சேர்த்து நான் நம்பினேன்.

அன்றைக்குப் பிறகு நீ அந்த ஹாலில் உட்காரவே இல்லை. சாப்பிடுவதும் படிப்பதும் பின்கட்டில்தான். உனக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆம்ப்ளிபயரை மாற்றினேன். பேஸ் வரவில்லை. டிரான்ஸ்பார்மரை மாற்றினேன். பிறகு ஸ்பீக்கரையே மாற்றினேன், அதுவும் இரண்டு முறை. அதாவது அந்தப் பெட்டியை இரண்டு முறை என் கையாலேயே திறந்திருக்கிறேன். திறந்து, உள்ளிருந்து வரும் ஒயரில் சிவப்புப் புள்ளி எது என்று பார்த்து, அதைப் புது ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் மாட்டி, நிம்மதியாக மூடினேன். நான் வைத்த புள்ளி தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு அறையைச் சந்தேகப்பட்டேன். கட்டில் சத்தத்தை விழுங்குகிறது என்று அதைப் பின்கட்டுக்குத் தள்ளினேன். அலமாரி நகர்ந்தது. உன் அம்மாவின் தையல் மெஷின் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஜன்னல் வெளிச்சத்தில் இருந்ததல்லவா? அதையும் தூக்கிக் கொல்லைப்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். ரவிக்கை அளவு கொடுக்க வந்த பெண்களுக்கு உட்காரவும் இடமில்லை, நிற்கவும் இடமில்லை. மழையில் துணி நனைந்தது. ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அவளும் மெஷின் மீது ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்துவிட்டாள்.

இப்போது நான் சொல்லப்போவதை நன்றாகக் கவனி, உனக்கும் இது உதவும். இரண்டு வருடம் இப்படிப் போராடிய பிறகு எனக்குப் பேஸ் பிடிக்காமல் போய்விட்டது. பொய்க்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பிடிக்கவில்லை. வேறு வீட்டில் திம் திம் என்று கேட்டால் முகம் சுளித்தேன். பேஸ் என்பது சின்னப் பசங்களின் ருசி, காது முதிர்ந்தவனுக்குத் தெளிவுதான் வேண்டும் என்று எனக்கே தோன்றியது, பிறகு மற்றவர்களுக்கும் சொன்னேன். எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொன்ன நரிக்காவது அது பொய் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும். எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் திண்டிவனத்தில் தயாளன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஆரம்பித்தோம். தயாளனை உனக்குத் தெரியும், சைக்கிள் கடை வைத்திருந்தவர், சொந்தமாக ஆம்ப்ளிபயர் செய்கிறவர். ஏழெட்டுப் பேர் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே வழித்தடம்தான். முதலில் பேஸ் வேண்டும், பிறகு சத்தம் வேண்டும், பிறகு நாலு பக்கமும் பெட்டி வேண்டும், பிறகு அதெல்லாம் வேண்டாம், இரண்டே பெட்டி, தெளிவு போதும் என்பார்கள். அதற்கும் மேலே போனவன் கண்ணாடி வால்வு எரியும் பழைய மாதிரி செட்டுக்கும் இசைத்தட்டுக்கும் போவான். ஒவ்வொரு படியில் ஏறியதும் கீழ்ப் படியில் நிற்கிறவனைப் பார்த்துச் சிரிப்போம். போன வருடம் அங்கே நின்றது நாம்தான் என்பது யாருக்கும் நினைவு வராது. அந்தக் கூட்டத்தில் எனக்கு நல்ல பெயர். மற்றவர்கள் பத்து வருடத்தில் ஏறிய படியை நான் இரண்டே வருடத்தில் ஏறிவிட்டேனாம். "அண்ணனுக்கு காதுதாய்யா காது" என்பார்கள். எவனாவது புதிதாகப் பேஸுக்கென்றே பெரிய வூஃபர் வாங்கி வந்தால் என்னிடம்தான் காட்டுவான். நான் ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "குழம்புல காரத்த மட்டும் தேடறவனுக்கு நாக்கு இல்லன்னு அர்த்தம்" என்பேன். அவன் முகம் சுருங்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

ஒருமுறை வளவனூரிலிருந்து வந்த ஒரு ஆள் நம் வீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அண்ணே, பாடறவரு நடுவுல நிக்கணுமே. இங்க என்னமோ ரெண்டு செவுத்துலயும் பிஞ்சி பிஞ்சி ஒட்டிக்கினு கீறாரே?" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. "அதுக்குப் பேருதான் ஸ்டேஜ், மேடை அகலமா கேக்குது. கேட்டுப் பழகு, தெரியும்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

நீ பிளஸ் டூ படித்தபோது ஒரு நாள் ஹால் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாய். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் நின்றாய். "பேஸே இல்லையேப்பா" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய், கொஞ்சம் தயங்கி, பேச்சைத் திரும்பத் தொடங்குகிற மாதிரி. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது யாரால போச்சு?" என்றேன். நீ உள்ளே போய்விட்டாய். 'வாங்க, போங்க' வந்தது அதற்குப் பிறகுதான் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிகிறது.

நீ படித்து முடித்துத் திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்து தனி வீடு எடுத்தாய். "புள்ளைக்கு ஒரு வேள சோறாக்கிப் போட ஆளு வேணும்" என்று உன் அம்மா ஒரு பையோடு கிளம்பினாள். ஒரு வாரம் என்றாள். மூன்று வருடம் ஆகிவிட்டது. அவள் திரும்பி வர மாட்டாள் என்பது எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? ஒரு நாள் நீ வண்டி பிடித்து வந்து தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போனபோது. நான் அப்போது ஹாலில் வால்வு செட்டைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். "எடுத்துக்கினு போ" என்றேன். அந்த இடம் காலியானால் கொல்லைக் கதவை முழுதாகத் திறக்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

போன மாதம் அந்தப் பெரிய பெட்டிகளை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். தயாளன் தனக்கு வேண்டும் என்று சொல்லி நேரில் வந்தார். எடுப்பதற்கு முன்னால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, டார்ச் லைட் செல் ஒன்றை எடுத்துப் பெட்டியின் பின்னால் பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாகத் தொட்டார். வலப்பக்கத்துப் பெட்டியில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளி நின்றது. சரி. இடப்பக்கத்துப் பெட்டியில் தொட்டார். கூம்பு உள்ளே போயிற்று. "அண்ணே, இது உள்ளுக்கு இழுக்குதே" என்றார். செல்லைத் திருப்பிப் பிடித்திருப்பீர்கள் என்றேன் நான். மறுபடி தொட்டார். மறுபடி உள்ளே போயிற்று. எட்டு ஸ்க்ரூவைக் கழற்றினோம். டார்ச் அடித்துப் பின்பக்கத் தகட்டைப் பார்த்தோம். சிவப்புப் புள்ளி வைத்த ஒயர் கறுப்புக் காலில் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஈயம் வைத்த விதம், ஒயரை இடப்பக்கமாக முறுக்கிய விதம் எல்லாம் என் கை. ஒரு பெட்டி தள்ளும்போது இன்னொரு பெட்டி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்று கொடுத்த பேஸை மற்றது தின்றிருக்கிறது, பதினேழு வருடமாக.

எட்டு ஸ்க்ரூ கழற்றி, பதினைந்து கிலோ பெட்டிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, சூடான இரும்பால் ஈயம் உருக்கி மாற்றினால்தான் அந்த ஒயர் மாறும். பன்னிரண்டு வயதுப் பையன் பாட்டுப் போட்டு ஆடிய மத்தியானத்தில் அதைச் செய்திருக்க முடியாது. நீ செய்யவில்லை. உனக்கு இது தெரிந்ததுதான், இருந்தாலும் என் கையால் எழுதித் தருகிறேன். நீ செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

தயாளன் இரண்டு நிமிடத்தில் ஒயரை மாற்றிப் பற்றவைத்தார். போட்டோம். பாடுகிறவர் நடு ஹாலில் வந்து நின்றார். பேஸ் வந்தது. என் விலா எலும்பில் வந்து விழுந்தது. தயாளன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பதினஞ்சு வருசமா எங்களுக்கு வேதம் ஓதுனீங்களேண்ணே! பேஸு கேக்கறவன்லாம் மனுசனே இல்லன்னீங்களே!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஏனென்றால் அது எனக்குப் பிடித்திருந்தது, மகனே. எப்போதும் பிடித்துத்தான் இருந்திருக்கிறது. முதிர்ச்சி, காது, ருசி என்று நான் கட்டி வைத்த அத்தனையும் ஒரு தப்பான ஒயர் மேல் நின்றது. உன்னைக் கண்டிப்பாக வளர்த்தேன் என்று நான் சொல்லிக்கொண்டதும் அதே ஒயர் மேல்தான் நின்றது. பெட்டிகளைத் தயாளனுக்கே சும்மா கொடுத்துவிட்டேன். குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். என் பேச்சைக் கேட்டு நல்ல ஸ்பீக்கரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் திட்டவும் செய்யலாம். வளவனூர்க்காரர் எங்கே இருந்தாலும், அவர் காது சரி.

உனக்கும் இந்தப் பைத்தியம் தொற்றிவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். "காதுல என்னமோ மாட்டிக்கினா நாலு தரம் கூப்ட்டாலும் திரும்ப மாட்டேங்கறான், அப்டியே ஒன்ன மாதிரி" என்றாள். முதலில் காதே கிழிகிற மாதிரி பேஸ் உள்ள ஹெட்போன் வாங்கினாயாம். இப்போது அது அசிங்கம், எல்லாம் சமமாகக் கேட்க வேண்டும் என்று வேறு ஒன்று வாங்கியிருக்கிறாயாம். அடுத்து என்ன வாங்குவாய் என்று என்னால் சொல்ல முடியும், சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பிடித்த ஒன்று உனக்குத் திடீரெனப் பிடிக்காமல் போனால், ருசி உயர்ந்துவிட்டது என்று உடனே மாலை போட்டுக்கொள்ளாதே. ஒருமுறை பின்னால் போய்க் குனிந்து பார். நீ வைத்த புள்ளியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். செட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு உன் பெண்டாட்டி பேசுவது உனக்கு இரைச்சலாகக் கேட்கும் நாள் வரும். எல்லாருக்கும் வரும். அன்றைக்கு அவளைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் செய். அப்புறம், புதிதாக எதையாவது வாங்கி வந்து அவளை நடுவில் உட்கார வைத்து 'எப்படி இருக்கு, எப்படி இருக்கு' என்று நச்சரிக்காதே. உன் அம்மா இருபது வருடம் "நல்லா கீது" என்றே சொன்னாள். எழுந்து போக அவளுக்கு வேறு வழி இல்லாததால்தான் அப்படிச் சொன்னாள். அவளுக்குப் பாட்டே பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திண்டிவனம் வீட்டில் தைத்துக்கொண்டே பாடுகிறாளாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் தயாளனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது எனக்கு மனசு லேசாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி அந்த நாற்காலியில் போய் உட்காரலாம், பையன் காலைக் கழுவினால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று இன்று மத்தியானம் போன் செய்தேன். நெயில் பாலிஷ் புள்ளியிலிருந்து தயாளன் வந்தது வரைக்கும் எல்லாம் சொன்னேன். மறுபக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் முடித்ததும் நின்றது.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான். தப்பு என்மேலதான்னு எழுதிட்டேன்."

"அவன் செய்லன்னு நான் அன்னிக்கே சொன்னேன். நீ ஒயருக்குள்ள பூந்து பாத்துட்டு இன்னிக்கு வந்து சொல்ற. சரி, ஒயரு மாறிப்போச்சு. கீழ வுழுந்து சுருண்டுக்கினு கெடந்த புள்ளய ஒதைச்சியே, அதுக்கு எந்த ஒயரு மாறிப்போச்சு?"

போனை அவள் வைத்துவிட்டாள்.

மேலே திருப்பிப் படித்துப் பார். 'அடித்தேன்' என்றுதான் எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் அடித்தேன் என்றே எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும். தப்பை ஒப்புக்கொள்ள உட்கார்ந்த கடிதத்திலேயே இவன் எதை மறைத்தான் என்று நீ பார்க்க வேண்டும். முதல் இரண்டு தடவை கையால் அடித்தேன். நீ விழுந்துவிட்டாய். மூன்றாவது தடவை குனிவதற்குக்கூட எனக்குப் பொறுமை இல்லை. வலது காலால் உன் இடுப்பில் உதைத்தேன். அதற்குப் பிறகுதான் நீ "நான்தாம்பா" என்றாய். நீயே ஒயரை மாற்றியிருந்தாலும், அந்தச் செட்டையே தூக்கிப் போட்டு உடைத்திருந்தாலும், அந்த உதை உதைதான். அது என் காலிலிருந்து வந்தது, எந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். முதல் நாளே வந்து, மண்டபத்தில் லைட்டு, மைக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன், அது எனக்குத் தெரிந்த வேலை. பாத பூஜைக்கு உன் அம்மாவை மட்டும் உட்கார வை. அவள் காலை நன்றாகக் கழுவு, மஞ்சள் பூசு, பூப் போடு, விழுந்து கும்பிடு. அப்பா ஏன் உட்காரவில்லை என்று யாராவது கேட்டால் நீ ஒன்றும் சொல்லாதே, என்னிடம் அனுப்பு. முட்டி வலி என்று சொல்ல மாட்டேன். உள்ளதைச் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னை உதைத்த காலை நீ கழுவ வேண்டாம்.

உன் அப்பன்